மரியா, வா வா!

காட்டுப் பறவையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருமா?

கூண்டில் வளர்த்த கிளி வரும். வீட்டுக் கோழி வரும். நான் கேட்பது வேறு. காலடிச் சத்தம் கேட்டதுமே புதருக்குள் மறைந்துவிடுகிற, பறவை பார்ப்பதற்காகவே உலகம் சுற்றுபவர்கள்கூட குரலை மட்டும் கேட்டுவிட்டு ஊர் திரும்புகிற ஒரு பறவை. அது வருமா?

வரும் என்று காட்டியவர் ஒரு விவசாயி. தென் அமெரிக்காவில், ஈக்வடார் நாட்டில், ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவில் அவருடைய பண்ணை இருக்கிறது. பெயர் ஆன்ஹெல் பாஸ். நாம் 'ஏஞ்சல்' என்று படிக்கிற அதே எழுத்துகள்தான். ஸ்பானிஷ் வாயில் ஆன்ஹெல் ஆகிவிடுகிறது. 'பாஸ்' என்றால் சமாதானம். குடும்பப் பெயரும் அதுவே. அதனால் தன் காட்டுக்கு அவர் வைத்த பெயரை, பறவைகளின் சமாதானப் புகலிடம் என்றும் சொல்லலாம், பாஸ் குடும்பத்தின் பறவைப் புகலிடம் என்றும் சொல்லலாம். இரண்டுமே சரிதான்.

சமீபத்தில் அந்தக் காட்டில் ஒரு காலைப்பொழுது நடக்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஈக்வடார் என்றால் ஸ்பானிஷில் பூமத்திய ரேகை. பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல சுமார் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். ஆனால் அங்கே 1,600-க்கு மேல் பறவை இனங்கள் இருக்கின்றன. இத்தனை பெரிய இந்தியாவிலேயே 1,300 சொச்சம்தான். காரணம் மலை. பசிபிக் கடற்கரையில் ஆரம்பிக்கிற நிலம் ஆறாயிரம் மீட்டருக்கு மேல் பனிச்சிகரமாக எழும்பி, அந்தப் பக்கம் அமேசான் காட்டில் போய் இறங்குகிறது. ஒவ்வொரு உயரத்திலும் வேறு குளிர், வேறு மரம், வேறு பறவை. அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி, மாடிக்கு மாடி வேறு வேறு குடித்தனம். கீழ்வீட்டுப் பறவை மேல்வீட்டுக்கு அநேகமாகப் போவதே கிடையாது.

தலைநகரம் கீட்டோவில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். திருநெல்வேலிக்காரர். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். என்னைவிட பதினைந்து வயது சின்னவர். ஸ்பானிஷை நெல்லைத் தமிழ் இழுவையோடு பேசுவார், அது அங்கே எல்லோருக்கும் புரிகிறது.

"அண்ணாச்சி, நாளைக்குக் காலம்பற மூணரைக்கு ரெடியா இருக்கணும்."

"எதுக்கு இவ்வளவு சீக்கிரம்? பறவைக்கு ஆபீஸ் நேரமா?"

"ஆமால்லா. ஆறு மணிக்கு டூட்டி தொடங்கிரும். நாம போகும்போது பாதி நாடகம் முடிஞ்சிரக் கூடாது பாருங்க."

கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரம் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். மிண்டோ என்கிற சின்ன ஊருக்குப் போகும் சாலை அது. வழி முழுக்க மூடுபனி. வண்டியின் விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. ஓரிடத்தில் எங்கள் வழிகாட்டி ரப்பர் பூட்ஸோடு சாலையோரம் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் பைனாகுலர். அவரோடு எழுபது தாண்டிய ஆங்கிலேயர் ஒருவர். இந்த மலைகளுக்கு அவர் ஏற்கெனவே வந்திருக்கிறாராம். தேடி வந்த பறவையின் குரல் மட்டும் கிடைத்ததாம்.

கைவிளக்கு வெளிச்சத்தில் சேற்றுப் பாதையில் இறங்கினோம். ஓலையும் பலகையும் வைத்துக் கட்டிய ஒரு மறைவிடம். உட்காரச் சொன்னார் வழிகாட்டி. பேசக் கூடாது. இருமல் வந்தால் கைக்குட்டை.

இருட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் மேகக்காடு என்றால் என்ன என்று காதுக்குப் புரிந்தது. மழை இல்லை. ஆனால் சொட்டுச் சத்தம் ஓயவே இல்லை. பசிபிக் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் மலைக்கு மேலே நிற்காமல் மரங்களுக்கு உள்ளேயே புகுந்து போகிறது. கிளைகளில் அடை அடையாகப் பாசி. பாசிமேல் பெரணி, ஆர்க்கிட், அன்னாசிச் செடி மாதிரி இலைகளை விரித்த செடிகள். இவையெல்லாம் போகிற மேகத்தைப் பிடித்து ஈரத்தை உறிஞ்சி, சொட்டு சொட்டாகக் கீழே விடுகின்றன. வானம் பெய்யாத நாளிலும் மரம் பெய்கிறது. ஓடைகளுக்கு அந்தத் தண்ணீரும் சேர்த்துத்தான்.

பூமத்திய ரேகையில் விடியல் மெதுவாக வராது. திடீரென்று யாரோ திரையை இழுத்த மாதிரி வெளுத்தது. அதே நேரம் எதிர்மரத்தில் ஒரு அலறல். பன்றிக்குட்டியை யாரோ மிதித்துவிட்ட மாதிரி. அடுத்து இன்னொரு மரத்தில். பிறகு நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பாறைச் சேவல். பெருநாட்டின் தேசியப் பறவை, ஈக்வடாரிலும் இருக்கிறது. ஆண் பறவை இரத்தச் சிவப்பு. இறக்கை கறுப்பு, முதுகில் சாம்பல் திட்டு. தலையில் விசிறி மாதிரி ஒரு கொண்டை, அது அலகையே மூடிவிடுகிறது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே ஒரு நிமிடம் தெரியவில்லை. தினமும் விடியற்காலையில் ஒரே இடத்தில் ஆண்கள் எல்லோரும் கூடி, குனிந்து, குதித்து, கத்தித் தீர்க்கிறார்கள். பெண் பறவை பழுப்பு நிறத்தில், அலங்காரம் எதுவும் இல்லாமல் வந்து உட்கார்ந்து பார்க்கும். பிடித்த ஒருவனைத் தேர்ந்தெடுக்கும். பிறகு பாறை இடுக்கில் சேற்றால் கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் அவள் மட்டும்தான். அவர் மறுநாள் காலையும் இங்கே வந்து ஆடிக்கொண்டிருப்பார்.

"கொடுத்து வச்ச பய" என்று நண்பர் என் காதில் கிசுகிசுத்தார். வழிகாட்டி முறைத்தார்.

ஏழு மணிக்குக் கூட்டம் கலைந்தது. அப்போதுதான் உண்மையான நடை ஆரம்பித்தது. ஆன்ஹெல் பாஸ் முன்னால் நடந்தார். கையில் ஒரு டப்பா. உள்ளே மண்புழுத் துண்டுகள்.

அவருடைய கதை இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். குடும்ப நிலத்தில் மரம் வெட்டியும் விவசாயம் பார்த்தும் பிழைத்தவர். தன் நிலத்தில் பாறைச் சேவல்கள் கூடும் இடம் ஒன்று இருப்பதைக் கவனித்தார். இதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, 2000-களின் நடுவில் ஒரு பாதை வெட்டத் தொடங்கினார். மண்ணைக் கிளறும்போது பழுப்பு நிறத்தில், குட்டைவால், நெட்டைக்காலோடு ஒரு பறவை தத்தித் தத்தி வந்து புழு பொறுக்கியது. அவருக்கு அது கோழி மாதிரி ஒரு பறவை. வழிகாட்டிகளிடம் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. அது ஜயன்ட் ஆன்ட்பிட்டா. ஈக்வடாரிலும் தெற்கு கொலம்பியாவிலும் மட்டுமே இருக்கும், அழியும் அபாயம் உள்ள பறவை. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

பாஸ் புழுவை எறிந்து பார்த்தார். பறவை ஓடிப்போனது. மறுநாளும் எறிந்தார். விடாமல் எறிந்துகொண்டே இருந்தார். ஒருநாள் அது எடுத்துக்கொண்டது. அவர் அதற்கு மரியா என்று பெயர் வைத்தார்.

ஆன்ட்பிட்டா என்கிற பெயரில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. 'பிட்ட' என்றால் தெலுங்கில் சின்னப் பறவை. வெள்ளைக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்து, நம் பக்கத்து ஒன்பது நிறப் பறவைக்குப் 'பிட்டா' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால். பிறகு தென் அமெரிக்கக் காட்டில் அதே போல உருண்டை உடம்பும் குட்டைவாலுமாக ஒன்றைப் பார்த்ததும், இதுவும் ஒரு மாதிரிப் பிட்டாதான் என்று முன்னால் எறும்பைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டும் நெருங்கிய உறவே கிடையாது. ஆனாலும் ஆந்திரத்துச் சொல் ஒன்று ஆண்டிஸ் மலையில் புழு தின்றுகொண்டிருக்கிறது என்று நினைக்கச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு வளைவில் பாஸ் நின்றார். கையை உயர்த்தி எங்களையும் நிறுத்தினார். பாதை நடுவில் புழுத் துண்டுகளைப் போட்டார். பிறகு மெதுவான குரலில் கூப்பிட ஆரம்பித்தார்.

"வெங்கா, வெங்கா, மரியா... வெங்கா..."

வெங்கா என்றால் வா. நண்பருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன அண்ணாச்சி, எங்க ஆச்சி 'பா... பா...'ன்னு கோழியக் கூப்பிட மாதிரில்லா கூப்பிடுதாரு!"

பத்து நிமிடம். ஒன்றும் இல்லை. சொட்டுச் சத்தம். இன்னும் ஐந்து நிமிடம். எல்லா நாளும் வராது, காட்டுப் பறவைதானே என்று வழிகாட்டி முன்னாலேயே சொல்லியிருந்தார். ஆங்கிலேயர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு வெறும் கண்ணால் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதர் அசையவே இல்லை. ஆனால் பாதையில் ஒரு பறவை நின்றது. எப்படி வந்தது என்று தெரியாது. நினைத்ததைவிடப் பெரிசு. நெஞ்சு முழுக்கச் செம்பழுப்பில் கறுப்பு வரிகள். உருண்டைக் கண். ஒற்றைக் காலை முன்னால் வைத்து யோசித்தது. இரண்டு தத்து தத்திப் புழுவைக் கொத்தியது. ஒன்றை விழுங்கியது. மீதியை அலகில் அடுக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. எங்கேயோ குஞ்சு இருக்கிறது என்று அர்த்தமாம்.

முழுசாக ஒரு நிமிடம் இருக்கும். ஆங்கிலேயர் படம் எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

முதலில் பழகிய அந்த மரியாதான் இதுவா என்று கேட்டேன். இவ்வளவு வருடத்துக்குப் பிறகு யார் சொல்ல முடியும் என்றார் வழிகாட்டி. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதன் பிறகு இன்னும் சில ஆன்ட்பிட்டாக்களைப் பழக்கியிருக்கிறார்கள். மஞ்சள் நெஞ்சுக்காரனுக்கு வில்லி என்று பெயர். மீசைக்காரிக்கு சுசானா. எல்லாவற்றிலும் சின்னது உள்ளங்கைக்குள் அடங்கும். கிளையில் உட்கார்ந்து தலையை அசைக்காமல் உடம்பை மட்டும் இடமும் வலமும் ஆட்டியது. அதன் பெயர் ஷகீரா. பக்கத்து நாடான கொலம்பியாவின் பாடகி பெயர்தான்.

"பாத்தியளா, இடுப்ப என்னமா வெட்டுதுன்னு!" என்றார் நண்பர். இந்த முறை வழிகாட்டியும் சிரித்துவிட்டார்.

ஒன்பதரைக்கு வீட்டு முற்றத்தில் காலை உணவு. வாழைக்காயை வேகவைத்து மசித்து, நடுவில் பாலாடைக்கட்டி வைத்து, உருட்டிப் பொரித்த உருண்டை. போலோன் என்று பெயர். தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சட்னி. குளிரில் நடந்த வயிற்றுக்கு அமிர்தம். முற்றத்தில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைச் சுற்றி ஹம்மிங்பேர்டுகள். நம்மூர் தேன்சிட்டு வேறு, இவை வேறு. இவை அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லை; ஈக்வடாரில் மட்டும் சுமார் 130 வகை. ஒன்றுக்கு இரண்டு காலிலும் வெள்ளைப் பஞ்சு சாக்ஸ், வாலில் இரண்டு டென்னிஸ் மட்டை. இன்னொன்றுக்கு உடம்பைவிட நீளமான ஊதா வால். காதருகே போகும்போது சின்ன மின்விசிறி சுழல்கிற சத்தம்.

பகலில் இவ்வளவு பரபரக்கிற இவை, இரவுக் குளிரில் உடம்பு அடுப்பையே அணைத்துவிடுகின்றன. பெருவின் மலைகளில் ஒரு வகையை இரவில் அளந்தபோது உடல் வெப்பம் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. 2020-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. காலையில் மறுபடி அடுப்பை மூட்டிக்கொண்டு பறக்கிறது. ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைக்கிற மாதிரி.

சாப்பிட்டுக்கொண்டே நண்பர் எதிர்ச்சரிவைக் காட்டி வழிகாட்டியிடம் கேட்டார். இன்ஜினீயர் புத்தி. எனக்காக இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தும் சொன்னார்.

"இந்த மரத்தையெல்லாம் வெட்டி வித்தா எவ்வளவு தேறும்னு கேட்டேன் அண்ணாச்சி."

"என்ன சொல்றார்?"

"நல்லாத் தேறும், ஆனா ஒரு தடவைதான் தேறும்ங்காரு. அவங்க அப்பா வெட்டுனவராம். அந்தக் காசுல ஒரு மாடு வாங்குனாராம். மாடும் போச்சு, மரமும் போச்சாம்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த ஒரு காலைக்கு எங்கள் பணம் யார் யாருக்குப் போகிறது? பண்ணைக்கு நுழைவுக் கட்டணம். வழிகாட்டிக்குக் கூலி. அடுப்படியில் போலோன் உருட்டிய பெண்மணிக்கு. ஆங்கிலேயர் தங்கியிருக்கும் மிண்டோ விடுதிக்கு, அவரை ஏற்றி வந்த டிரைவருக்கு. நாளைக்கு வேறு நால்வர் வருவார்கள், அதே பறவையைப் பார்க்க. பறவை தேயப்போவதில்லை. இதைப் பார்த்து இன்று ஈக்வடாரிலும் கொலம்பியாவிலும் பல பண்ணைகளில் ஆன்ட்பிட்டாவுக்குப் புழு வைக்கிறார்கள். மேய்ச்சலுக்கு அழித்திருக்க வேண்டிய சரிவுகள் பறவைக்காக நிற்கின்றன.

இதில் மாற்றுக் கருத்து உண்டு. காட்டுப் பறவையைக் கைத்தீனிக்குப் பழக்கலாமா, மனிதனைக் கண்டு பயப்படுவதுதானே அதன் பாதுகாப்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். மனிதர் எல்லோரும் கையில் புழுவோடு வருவதில்லை. ஆனால் காடே இல்லாத இடத்தில் பறவை யாரைக் கண்டு பயந்து எங்கே ஒளியும்? அந்தக் கேள்வியும் பக்கத்திலேயே நிற்கிறது.

வழிகாட்டி நண்பரிடம் எங்கே வேலை என்று கேட்டார். நண்பர் சொன்னார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

அமேசான் பக்கத்துக் கச்சா எண்ணெயை மலையைத் தாண்டிப் பசிபிக் கரைக்குக் கொண்டுபோக, 2001-லிருந்து 2003 வரை சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய் போட்டார்கள். அது மிண்டோ காட்டு மலைமுகட்டின் வழியாகப் போகிறது. 1997-லேயே தென் அமெரிக்காவின் முதல் முக்கியப் பறவைப் பகுதி என்று சர்வதேசப் பறவை அமைப்பு அறிவித்த காடு அது. ஊர்க்காரர்களும் இளைஞர்களும் எதிர்த்தார்கள். மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டோம் என்றார்கள். இறக்கப்பட்டார்கள். குழாய் வந்தது.

"அவரும் மரத்துல ஏறுனவராம் அண்ணாச்சி" என்றார் நண்பர். கொஞ்ச நேரம் கழித்து, "என் சம்பளம் அந்தக் கொழாய்லதான வருது" என்றார்.

வழிகாட்டி அவரிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. இன்னொரு உருண்டையை அவர் தட்டில் வைத்தார். தன் பழைய ஜீப்பைக் காட்டி, இதுவும் தண்ணீரில் ஓடவில்லையே என்றாராம்.

அதற்குப் பிறகு காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2008-ல் ஈக்வடார் தன் அரசியல் சட்டத்திலேயே இயற்கைக்கு உரிமை உண்டு என்று எழுதியது. 2021-ல், லோஸ் செத்ரோஸ் என்கிற மேகக்காட்டில் சுரங்கம் தோண்டக் கொடுத்த அனுமதியை அந்தச் சட்டத்தை வைத்தே உச்ச அரசியல்சாசன நீதிமன்றம் ரத்துசெய்தது. காடு வழக்கில் ஜெயித்தது.

ஆனால் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாத எதிரியும் இருக்கிறது. மாடிக்கு மாடி குடித்தனம் என்றேனே, பூமி சூடாக ஆகக் குடித்தனங்கள் மேல்மாடிக்கு நகர்கின்றன. பெருவில் ஒரு மலையில் 1985-ல் பறவைகளைக் கணக்கெடுத்திருந்தார்கள். 2017-ல் அதே மலையில் மறுபடி ஏறிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை முன்பிருந்த இடத்தைவிட உயரத்துக்குப் போயிருந்தன. உச்சியில் வசித்த சில இனங்கள் அங்கே கிடைக்கவே இல்லை. மொட்டைமாடிக்கு மேலே போக இடம் ஏது?

கிளம்பும்போது வழிகாட்டியிடம் ஒன்று கேட்கச் சொன்னேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டின் எல்லையை மூடினார்களே, ஒருவரும் வராத அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள்?

கொஞ்சம் நீளமாகப் பதில் சொன்னார். நண்பர் சுருக்கினார்.

"தோட்டத்துல மரவள்ளிக்கெழங்கு போட்டாராம். கடன் வாங்குனாராம். மரம் வாங்குறவங்க ரெண்டு தடவ வந்து கேட்டாங்களாம். அவரு குடுக்கலையாம். பக்கத்துல ஒருத்தர் குடுத்துட்டாராம், அவரக் குத்தம் சொல்ல முடியாதுங்காரு. புள்ள பட்டினி கெடந்தா யாரும் குடுக்கத்தான செய்வாங்கன்னு சொல்லுதாரு."

"பறவைகள்?"

"அதுக இருந்துச்சாம். புழு நம்ம போட்டாத்தானா, மண்ணுக்குள்ள இல்லையாங்காரு. நம்மள நம்பி அதுக இல்ல, அதுகள நம்பித்தான் நாங்கங்காரு."

திரும்பும் வழியில் பனி விலகியிருந்தது. சரிவு முழுக்கத் திட்டுத் திட்டாகப் பச்சை. கரும்பச்சை காடு, வெளிர்பச்சை மேய்ச்சல். இரண்டுக்கும் நடுவே வேலிகூட இல்லை. எந்த வருடம் எந்தப் பச்சை கூடும் என்பது எந்த வீட்டில் எவ்வளவு கடன் என்பதைப் பொறுத்தது.

நண்பர் வெகுநேரம் பேசாமல் ஓட்டினார். கீட்டோவின் முதல் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்தபோது கேட்டார்.

"அண்ணாச்சி, எம் மவளுக்கு ஆறு வயசு. காலம்பற மூணரைக்கு எழுப்புனா எந்திரிப்பாளா?"

"ஷகீராவப் பாக்கலாம்னு சொல்லுங்க, எந்திரிச்சிருவா" என்றேன்.